குடியுரிமை விண்ணப்பம்: எத்தனை மாதம், எந்த மேசையில்?

தம்பி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. மனைவி மலேசியாவில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கல்யாணமாகி ஒன்பது வருடமாக வேளச்சேரியில் குடும்பம் நடத்துகிறார்கள். இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டு 14 மாதம் ஆகிவிட்டது. இணையதளத்தில் பார்த்தால் இன்னும் பரிசீலனையில் என்றுதான் காட்டுகிறது. இயல்புரிமை மூலம் குடியுரிமை கிடைக்க உண்மையில் எவ்வளவு காலம் ஆகும், எப்போது கவலைப்பட வேண்டும் என்று கேட்கிறார்.

பாரிமுனையில், தம்புச்செட்டித் தெருவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் இருபது வருடத்துக்கு மேலாக நான் பார்ப்பது இந்த மாதிரிப் பேப்பர்களைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உங்கள் பதற்றத்துக்குப் பதில். 14 மாதம் என்பதை மட்டும் வைத்துத் தாமதமா இல்லையா என்று சொல்ல முடியாது. ஃபைல் டெல்லிக்குப் போய்விட்டது என்றால் 14 மாதம் சாதாரணம். இன்னும் சென்னையிலேயே இருக்கிறது என்றால் அது தாமதம்தான், கேட்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அதனால் எத்தனை மாதம் ஆகும் என்று கேட்பதற்கு முன்னால், ஃபைல் இன்றைக்கு யார் மேசையில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நான் பார்த்தவற்றில் ஒன்றரை வருடத்துக்குள் முடிந்ததும் உண்டு, நான்காவது வருடத்தில் கால் வைத்ததும் உண்டு. இரண்டு பேரும் ஒரே படிவத்தைத்தான் நிரப்பினார்கள்.

இன்னொரு விஷயத்தையும் சரிசெய்துவிடலாம். நீங்கள் இயல்புரிமை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனைவியின் விண்ணப்பம் அதில் வராது. பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் பாடத்தில் படித்திருப்போம்: பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, பிரதேசங்களை இணைத்தல் என்று ஐந்து வழிகள். இயல்புரிமை என்பது 1955ஆம் வருடக் குடியுரிமைச் சட்டத்தின் 6வது பிரிவு. இந்தியாவோடு கல்யாண உறவோ பூர்வீக உறவோ இல்லாத வெளிநாட்டவருக்கும் அது பொருந்தும். விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் தொடர்ச்சியாக இங்கே இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய 14 வருடத்தில் மொத்தம் 11 வருடம் இருந்திருக்க வேண்டும். அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றாவது போதுமான அளவு தெரிந்திருக்க வேண்டும்.

இந்தியக் குடிமகனைக் கல்யாணம் செய்தவருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அவருக்கு 5(1)(சி) பிரிவின் கீழ்ப் பதிவு. ஏழு வருடம் போதும்: கடைசி 12 மாதம் தொடர்ச்சியாக, அதற்கு முந்தைய எட்டு வருடத்தில் மொத்தம் ஆறு வருடம். ஒப்புகைச் சீட்டை எடுத்து எந்தப் பிரிவின் கீழ்ப் போட்டிருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். தவறுதலாக 6வது பிரிவுக்கான படிவத்தை நிரப்பியிருந்தால், ஒன்பது வருடத்தை வைத்து அது நிற்காது. சரியான படிவத்தில் புதிதாகப் போட வேண்டியதுதான்.

உங்கள் மனைவியிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கும் இந்தியரின் வெளிநாட்டுத் துணைவருக்கும் தரும் அட்டை) இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. அட்டை வாங்கி ஐந்து வருடம் ஆகியிருந்து, விண்ணப்பத்துக்கு முந்தைய 12 மாதம் இங்கே இருந்திருந்தால் 5(1)(ஜி) பிரிவில் போடலாம். ஆனால் ஏற்கெனவே போட்ட விண்ணப்பம் சரியாக இருந்தால் வழி மாற்றாதீர்கள். மாற்றினால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

இப்போது நாள் கணக்கு. இதைச் சாதாரணமாக நினைத்துத்தான் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த 12 மாதத்தில் மத்திய அரசு சிறப்புக் காரணம் இருந்தால் அதிகபட்சம் 30 நாள் வரை தளர்த்தலாம், அந்த 30 நாள் துண்டு துண்டாகவும் இருக்கலாம். 31வது நாளுக்குச் சலுகை இல்லை. எங்கள் அலுவலகத்துக்கு வந்த ஒரு பெண், விண்ணப்பிக்க நான்கு மாதம் இருக்கும்போது அப்பா இறந்து ஊருக்குப் போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. அம்மாவைத் தனியாக விட்டு வர மனம் வரவில்லை. திரும்பி வரும்போது 34 நாள். பாஸ்போர்ட்டில் கோலாலம்பூர் முத்திரை, சென்னை முத்திரை இரண்டையும் மேசை விளக்குக்குக் கீழே வைத்து நானும் அவரும் மூன்று தடவை எண்ணினோம். போன நாளைச் சேர்ப்பதா, வந்த நாளைச் சேர்ப்பதா என்று எப்படிப் போட்டுப் பார்த்தாலும் 30க்குள் வரவில்லை. புதிதாக 12 மாதம் முடியும் வரை காத்திருந்துதான் போட்டோம். அன்றைக்கு அவருக்கு அழுகை வந்துவிட்டது. ஆனால் அப்படியே போட்டிருந்தால் இரண்டு வருடம் கழித்து நிராகரிப்புக் கடிதம் வந்திருக்கும். ஆகவே பழைய, புதிய பாஸ்போர்ட் எல்லாவற்றையும் வைத்து, வந்த நாள், போன நாள், எத்தனை நாள் என்று ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதி வைத்திருங்கள். விசாரணைக்கு யார் வந்தாலும் அந்தத் தாளைத்தான் முதலில் விரும்பிப் பார்ப்பார்கள்.

சரி, ஃபைல் போகும் வழி. விண்ணப்பத்தை உள்துறை அமைச்சகத்தின் இணையதளத்தில் நிரப்பினாலும், அது முதலில் வந்து சேருவது மாவட்ட ஆட்சியரிடம். உங்களுக்கு அது ராஜாஜி சாலை, சிங்காரவேலர் மாளிகை. 2009ஆம் வருடக் குடியுரிமை விதிகளின்படி ஆட்சியர் தன் அறிக்கையோடு 60 நாளில் மாநில அரசுக்கு அனுப்ப வேண்டும். மாநில அரசு, அதாவது கோட்டைத் தலைமைச் செயலகத்தில் இருக்கும் பொதுத்துறை என்ற அரசுத் துறை, தன் பரிந்துரையோடு 30 நாளில் டெல்லிக்கு அனுப்ப வேண்டும். ஆக, எழுத்தில் 90 நாள். நடைமுறையில் அது நீளும், போலீஸ் அறிக்கை வராமல் ஆட்சியரால் எதுவும் எழுத முடியாது. என் கணக்கில் ஆறு மாதம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் சென்னையிலேயே இருந்தால் எங்கோ ஒரு தாள் குறைகிறது, அல்லது ஒரு அறிக்கை வரவில்லை என்று அர்த்தம்.

அந்த அறிக்கை எப்படி நின்றுபோகிறது என்று சொல்கிறேன். விசாரணைக்கு வருகிறவர் பெரும்பாலும் பகல் பதினோரு மணிக்கு வருவார். அந்த நேரம் நீங்கள் இரண்டு பேரும் வேலையில் இருப்பீர்கள். வீடு பூட்டியிருக்கிறது என்று குறித்துக்கொள்வார். எதிர் வீட்டில் விசாரிப்பார். உங்கள் மனைவி நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே மார்கழியில் கோலம் போடுகிறவர். "அவங்க வெளிநாட்டுக்காரங்களா? எங்களுக்குத் தெரியாதே சார்" என்று எதிர் வீட்டம்மா வெள்ளந்தியாகச் சொல்லிவிடுவார். அதுவும் குறிப்பில் ஏறும். அதனால் ஃபிளாட் செயலாளர், வாட்ச்மேன், பக்கத்து வீட்டார் மூன்று பேரிடமாவது விண்ணப்பம் போட்டிருக்கும் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். உங்கள் கைபேசி எண்ணை வாட்ச்மேனிடம் எழுதிக் கொடுங்கள். வாடகை வீடு என்றால் 11 மாத ஒப்பந்தங்கள் ஒன்பது வருடத்துக்கும் வரிசையாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வருடம் வாய்ப்பேச்சாகவே ஓடியிருந்தால் அந்த வருட மின்கட்டண ரசீது, பேங்க் ஸ்டேட்மென்ட், குழந்தையின் பள்ளிக் கட்டண ரசீது என்று ஏதாவது தேடி எடுத்து வையுங்கள்.

பெயர் விஷயம் தனி. மலேசியத் தமிழ்ப் பெண்களின் பாஸ்போர்ட்டில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே ஏ/பி என்று வரும். இன்னாருடைய மகள் என்று அர்த்தம். நம் ஊர்ப் படிவங்கள் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனியாகக் கேட்கும். கல்யாணப் பதிவுச் சான்றில் அந்த ஏ/பி விட்டுப்போயிருக்கும், பான் அட்டையில் அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும், ஆதாரில் கணவர் பெயர் ஒட்டியிருக்கும். நம் கண்ணுக்கு ஒரே ஆள். ஃபைலைப் பார்க்கிறவருக்கு நான்கு ஆள். நோட்டரி கையெழுத்தோடு ஒரு பிரமாணப் பத்திரம், இந்த நான்கு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று, முதலிலேயே சேர்த்துவிட்டால் ஒரு சுற்றுக் கடிதப் போக்குவரத்து மிச்சம்.

வீடு மாற்றும் எண்ணம் இருந்தால் தள்ளிப் போடுங்கள். வேளச்சேரி சென்னை மாவட்டம். வாடகை குறைவு என்று குரோம்பேட்டைக்குப் போனால் அது செங்கல்பட்டு மாவட்டம், வேறு ஆட்சியர். பஸ்ஸில் கொஞ்ச நேரப் பயணம்தான், ஆனால் ஃபைலுக்கு அது வேறு ஊர். போலீஸ் விசாரணை திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

டெல்லிக்குப் போன பிறகு என்ன ஆகும்? உள்துறை அமைச்சகத்தில் பாதுகாப்பு அமைப்புகளின் அறிக்கையையும் சேர்த்துப் பார்ப்பார்கள். ஆட்சியருக்கு 60, மாநிலத்துக்கு 30 என்று விதி கட்டியதைப் போல இந்தக் கட்டத்துக்கு ஒரு நாள் கணக்கு இல்லை. இதுதான் எனக்கு நெடுநாள் ஆதங்கம். பிரிட்டனில் குடியுரிமை விண்ணப்பங்களுக்குப் பொதுவாக ஆறு மாதத்துக்குள் முடிவு வரும் என்று அரசே சொல்லி வைத்திருக்கிறது. அமெரிக்காவில் நேர்காணல் முடிந்து 120 நாளில் முடிவு வரவில்லை என்றால் விண்ணப்பதாரர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. நம் சட்டத்தின் 14வது பிரிவோ கொடுப்பதும் மறுப்பதும் அரசின் விருப்பம், காரணம் சொல்ல வேண்டியதில்லை என்கிறது. ஒரு குடும்பம் வருடக்கணக்கில் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, இந்த நாளுக்குள் ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிடுவோம் என்ற ஒரு வாக்காவது வேண்டும். அது வரும் வரை நாம்தான் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

டெல்லி ஒப்புக்கொண்டால் உடனே சான்றிதழ் வந்துவிடாது. முதலில் ஏற்புக் கடிதம் வரும். உங்கள் பழைய குடியுரிமையைத் துறந்ததற்கான சான்றைக் கொடுங்கள், கட்டணத்தைக் கட்டுங்கள், பிறகு சான்றிதழ் தருகிறோம் என்று அதில் இருக்கும். மலேசியாவுக்கு இரட்டைக் குடியுரிமை கிடையாது, நமக்கும் கிடையாது. மலேசியக் குடியுரிமையைத் துறக்க போராங் கே என்ற படிவம் உண்டு. சென்னையிலேயே மலேசியத் துணைத் தூதரகம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். அங்கிருந்து அது அவர்கள் நாட்டின் தேசியப் பதிவுத் துறைக்குப் போய் வர வேண்டும், அதற்கும் மாதங்கள் ஆகும். காத்திருப்பின் இந்தப் பகுதியை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. கடிதம் வந்ததும் வேலை முடிந்தது என்று வீட்டில் பாயசம் வைத்துவிடுகிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்கிறேன். ஏற்புக் கடிதம் கைக்கு வராமல் மலேசியக் குடியுரிமையைத் துறக்க வேண்டாம். சீக்கிரம் முடியட்டும் என்று யாராவது முன்கூட்டியே செய்யச் சொன்னால் கேட்காதீர்கள். துறந்த நாளுக்கும் இந்தியச் சான்றிதழ் வரும் நாளுக்கும் நடுவில் உங்கள் மனைவி எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர். பாஸ்போர்ட் இருக்காது. ஈப்போவிலோ பினாங்கிலோ அம்மாவுக்கு முடியவில்லை என்று போன் வந்தாலும் விமானம் ஏற முடியாது. கடிதம் வந்த பிறகும், துறப்பதற்கு முன்னால் ஒரு தடவை ஊருக்குப் போய் எல்லோரையும் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். அதை நான் எல்லோரிடமும் சொல்வேன்.

அதே மாதிரி இன்னும் இரண்டு எச்சரிக்கை. விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது என்பதால் இங்கே தங்கும் உரிமை தானாக வந்துவிடாது. ஓசிஐ அட்டை இல்லை என்றால் விசாவை நாள் தவறாமல் நீட்டிக்க வேண்டும். அனுமதித்த நாளைத் தாண்டி ஒரு வாரம் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் 'சட்டவிரோதமாகக் குடியேறியவர்' என்ற வரையறைக்குள் போய்விடும் ஆபத்து இருக்கிறது, அந்த வார்த்தை ஃபைலில் ஏறினால் எல்லாம் போச்சு. அப்புறம் வாக்காளர் அட்டை. தேர்தல் நேரத்தில் தெருவில் முகாம் போட்டுப் பெயர் சேர்ப்பார்கள். தெரிந்தவர்தானே, உங்கள் வீட்டம்மா பெயரையும் சேர்த்துவிடுகிறேன் என்று நல்ல மனதோடு எழுதிக்கொண்டு போவார்கள். குடிமகள் ஆகாதவர் பெயர் பட்டியலில் வருவது குற்றத்தில் போய் நிற்கும். எங்களிடம் வந்த ஒரு விண்ணப்பம் இந்த ஒரே காரணத்தால் ஒன்றரை வருடம் அசையவில்லை. ஏற்கெனவே சேர்த்திருந்தால் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லி, பெயரை நீக்க எழுதிக் கொடுங்கள். குழந்தைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இங்கே பிறந்து, அப்பா இந்தியர், அம்மா முறையான விசாவில் இருந்தவர் என்றால் பிறப்பாலேயே அவர்கள் குடிமக்கள்.

இதைப் படிக்கிற இன்னும் சிலருக்கு இந்த நாள் கணக்கெல்லாம் பொருந்தாது என்று எனக்குத் தெரியும். இலங்கையிலிருந்து படகில் வந்து முப்பது, நாற்பது வருடமாக இங்கேயே இருக்கிறவர்கள். முறையான பாஸ்போர்ட் இல்லாமல் வந்ததால் சட்டம் அவர்களைச் சட்டவிரோதக் குடியேறிகள் என்று வகைப்படுத்துகிறது. அப்படி வகைப்படுத்தப்பட்டவருக்குப் பதிவும் இல்லை, இயல்புரிமையும் இல்லை. கடிகாரமே ஓட ஆரம்பிக்கவில்லை. 2019ஆம் வருடத் திருத்தச் சட்டம் தந்த விலக்கு ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்று நாட்டிலிருந்து வந்த சில மதச் சிறுபான்மையினருக்கு மட்டும்தான். இலங்கை அதில் சேரவில்லை. ஆனால் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள்: பிறந்த தேதி. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1க்கு முன்பு வரை இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே குடிமகன். அவர் விண்ணப்பிக்கவே வேண்டியதில்லை. 1986ல் மண்டபம் அகதிகள் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்த அடிப்படையில் பாஸ்போர்ட் கொடுக்கச் சொல்லி 2022ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார். 1984, 85, 86ல் முகாமில் பிறந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை பிறப்புச் சான்றிதழ்தான். உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இப்போது செய்ய வேண்டியது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு. அதை உங்கள் மனைவி போட முடியாது, அந்தச் சட்டம் குடிமக்களுக்கு மட்டும். நீங்கள் போடுங்கள், மனைவியின் சம்மதக் கடிதத்தையும் இணையுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நபர் விவரம் என்று திருப்பிவிடலாம். முதல் மனு ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு. பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் தர வேண்டியதில்லை என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். தேதிகளைக் கேளுங்கள். விண்ணப்பம் எந்தத் தேதியில் பெறப்பட்டது, போலீஸ் அறிக்கைக்கு எந்தத் தேதியில் கடிதம் போனது, அறிக்கை எந்தத் தேதியில் வந்தது, மாநில அரசுக்கு எந்தக் கடித எண்ணில் எந்தத் தேதியில் அனுப்பப்பட்டது. 30 நாளில் பதில் வர வேண்டும்.

கடித எண் கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்து அடுத்த மனு கோட்டைக்கு, அதற்கடுத்தது டெல்லிக்கு. எங்கேயும் அசையவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம், வெளிநாட்டவரான உங்கள் மனைவியே போடலாம். குடியுரிமையைக் கொடு என்று நீதிமன்றம் சொல்லாது, இத்தனை வாரத்துக்குள் முடிவெடு என்று சொல்லும். அந்த மனுவுக்கும் இந்தத் தேதிகள்தான் முதுகெலும்பு.

போலீஸ் அறிக்கை போன தேதிக்கும் வந்த தேதிக்கும் நடுவில் எத்தனை நாள் என்பதை முதலில் பாருங்கள். வந்த தேதிக்கு எதிரே வெறும் கோடு இருந்தால், கோட்டைக்கும் டெல்லிக்கும் எழுதி ஸ்டாம்பை வீணாக்க வேண்டாம். உங்கள் பகுதி காவல் நிலையத்துக்கு நீங்களும் மனைவியும் சேர்ந்தே போய், அசல் பாஸ்போர்ட்டோடும் அந்த நாள் கணக்குத் தாளோடும் உட்கார்ந்து பேசிவிட்டு வாருங்கள்.